சாச்சுரேஷன் 98 இருக்கும்போது ஆம்பு பேக் எதற்கு? (கட்டுவிரியன் கடி கேஸ்)

இஎம்டி_இரண்டாமாண்டு:
அனைவருக்கும் வணக்கம். பிசியாலஜி பயிற்சித்தாளில் வந்த ஒரு கேஸில் விடைக்குறிப்பு எனக்குப் புரியவில்லை.

ஆண், வயது 40, எடை சுமார் 70 கிலோ. இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்திருக்கிறார். கடிவாய் எங்கும் தெரியவில்லை. இரண்டு இமைகளும் பாதி இறங்கிவிட்டன, எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு மூக்கால் வருகிறது. மூச்சு நிமிடத்துக்கு 30, மேலோட்டமாக. நாடி 118, பிபி 150/90. நான்-ரீபிரீதர் மாஸ்க்கில் (ஆக்சிஜன் பை உள்ள மாஸ்க்) 10 லிட்டர் ஆக்சிஜன் ஓடுகிறது, சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவு) 98 சதவீதம்.

விடை: "உடனே ஆம்பு பேக்கால் (மாஸ்க் வைத்துக் கையால் அழுத்திக் காற்று செலுத்தும் பை) மூச்சுக்கு உதவ வேண்டும்." 30 தடவை மூச்சு விடுகிற ஆளுக்கு, அதுவும் 98 காட்டும்போது, எதற்கு ஆம்பு? ஆக்சிஜனைத் தொடர்ந்துகொண்டு கண்காணித்தால் போதாதா?

உதரவிதானம்:
விடைக்குறிப்பு சரிதான். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று போகிறது என்று பாருங்கள்.

70 கிலோ ஆள் ஒருவர் சாதாரணமாக இழுக்கும் மூச்சு ஏறக்குறைய 500 மி.லி. அதில் சுமார் 150 மி.லி. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். அங்கே வாயுப் பரிமாற்றம் கிடையாது, அதுதான் டெட் ஸ்பேஸ். காற்றுப்பைகளுக்குப் போய்ச் சேருவது 350 மி.லி. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4,200 மி.லி.

இப்போது உங்கள் கேஸ். மேலோட்டமான மூச்சு, 200 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 × 200 = 6,000. ஆரோக்கியமானவருக்கும் 12 × 500 = 6,000 தான். மொத்தக் கணக்கில் இருவரும் சமம். ஆனால் டெட் ஸ்பேஸ் ஒவ்வொரு மூச்சிலும் அதே 150-ஐ எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 50 மி.லி. 30 × 50 = 1,500. அதாவது காற்றுப்பைகளுக்குப் போக வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் போகிறது.

கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவது இந்த 1,500-ஐப் பொறுத்தது. உடல் அதை உற்பத்தி செய்யும் வேகம் மாறாமல், நிலைமை இப்படியே நீடித்தால் ரத்தத்தில் 40 மி.மீ. (பாதரச அழுத்தம்) இருக்க வேண்டியது 100-ஐத் தாண்டிவிடும். நாடி 118, பிபி 150/90 என்று ஏறியிருப்பதற்கும் இதில் பங்கு இருக்கலாம். அதைப் பயத்தால் வந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தெற்குவாசல்:
98 ஏன் காட்டுகிறது என்பதற்கு மேலே பதில் வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

காற்றுப்பையில் ஆக்சிஜன் அழுத்தம் = (உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் பங்கு × 713) − (கார்பன் டை ஆக்சைடு ÷ 0.8). 713 என்பது கடல்மட்டக் காற்றழுத்தம் 760-இல் நீராவியின் 47-ஐக் கழித்தது.

கார்பன் டை ஆக்சைடு 80-க்கு ஏறிவிட்டது என்று கொள்வோம். வெறும் காற்றில்: 0.21 × 713 = 150. அதில் 100 போனால் 50. சாச்சுரேஷன் 85-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ இறங்கும், ஆக்சிமீட்டர் (சாச்சுரேஷனைக் காட்டும் கருவி) கத்தும். அதே ஆள், மாஸ்க்கில் 60 சதவீத ஆக்சிஜன்: 0.6 × 713 = 428. அதில் 100 போனாலும் 328. ஹீமோகுளோபின் நிரம்பி வழிகிறது, சாச்சுரேஷன் 98, 99. மூச்சு துளிகூட மேம்படவில்லை, எண் மட்டும் அழகாகிவிட்டது.

ஆக்சிஜன் ஓடும்போது ஆக்சிமீட்டர் மூச்சைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. அது சரியத் தொடங்கும்போது உங்களுக்கு அவகாசம் இருக்காது. ஆக்சிஜன் அழுத்தம் 60-க்கு மேல் இருக்கும்வரை சாச்சுரேஷன் 90-க்கு மேலேயே நிற்கும். 60-க்குக் கீழே இந்த இரண்டையும் இணைக்கும் வளைகோடு செங்குத்தாக விழும்: 40-இல் 75, 27-இல் 50.

அதற்காக ஆக்சிஜனைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா என்று யாரும் யோசிக்க வேண்டாம். ஆக்சிஜன் வேண்டும். அது ஒரு வேலையைத்தான் செய்யும், மற்ற வேலையை உங்கள் கை செய்ய வேண்டும்.

இஎம்டி_இரண்டாமாண்டு:
கணக்கு இப்போது தெளிவாகிவிட்டது, நன்றி. அப்படியானால் எந்தக் கட்டத்தில் ஆம்புவை எடுப்பது? அவரே 30 தடவை மூச்சு விடும்போது எப்படி அழுத்துவது?

இரவுப்பணி_அக்கா:
கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனைகளையே கெடுக்கிறது. செயலிழப்பு வந்துவிட்டால் விஷமுறிவு மருந்து போட்டதும் அது சட்டென்று திரும்பாது, நாட்கணக்கில் ஆகும். அதுவரை உயிரைத் தாங்குவது செயற்கை மூச்சுதான். செயலிழப்பு இமை, தொண்டை, கழுத்து என்று வந்து, பிறகு விலா எலும்புத் தசை, உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசை). இதைத்தான் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை என்றால் உதரவிதானம் பின்னாலேயே வரும் என்று வையுங்கள். ஆழமாக ஒரு மூச்சு இழுத்து, அதே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 20-க்குக் கீழே நின்றால் மோசம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எண்ண வையுங்கள், 25 என்பது 18, 11 என்று இறங்குவதுதான் முக்கியமான தகவல். வயிற்றில் கையை வையுங்கள்: மூச்சு இழுக்கும்போது வயிறு எழாமல் உள்ளே போனால் உதரவிதானம் கைவிட்டுவிட்டது.

மூச்சு 30-லிருந்து 14-க்கு வந்ததும் "செட்டில் ஆகிட்டார்" என்று எழுதிவிடுகிறார்கள். நெஞ்சு எழும்பாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் அது சோர்வு. அடுத்தது நின்றுபோவதுதான்.

ஆம்புவுக்கு வருவோம். முதலில் சக்‌ஷன். விழுங்க முடியாதவர் வாயில் எச்சில் குளமாக நிற்கும், அதோடு அழுத்தினால் நுரையீரலுக்குள் தள்ளிவிடுவீர்கள். ஆம்பு எடுக்கும் கட்டம் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது நல்லது. ஆம்புவின் ரிசர்வாயர் பை (ஆக்சிஜன் சேரும் பை) உப்பியிருக்கிறதா பாருங்கள், ஆக்சிஜன் 10 முதல் 15 லிட்டர். இருவர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க் பிடிக்கட்டும். மாஸ்க்கை முகத்தில் அமுக்காதீர்கள், தாடையைத் தூக்கி மாஸ்க்குக்குள் கொண்டு வாருங்கள். அமுக்கினால் தாடை பின்னால் போய் நாக்கு தொண்டையை அடைக்கும்.

அவர் இழுக்கத் தொடங்கும் கணத்தில் உங்கள் அழுத்தம் சேர வேண்டும். 30 மூச்சையும் துரத்த வேண்டாம், இரண்டு மூன்று மூச்சுக்கு ஒன்று போதும். ஒரு வினாடியில் மெதுவாக, நெஞ்சு எழும்பும் அளவுக்கு. பெரியவர்களுக்கான பை சுமார் ஒன்றரை லிட்டர் பிடிக்கும், 500-600 மி.லி.க்கு மூன்றில் ஒரு பங்கு அழுத்தினால் போதும். மூச்சு நின்றுவிட்டால் 6 வினாடிக்கு ஒன்று.

வேகமாகவும் பலமாகவும் அழுத்துவதுதான் நடக்கிற தப்பு. அழுத்தம் 20 செ.மீ. நீரைத் தாண்டினால் காற்று இரைப்பைக்குப் போகும். வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளும், வாந்தி வரும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து பிபி விழும்.

இன்னொன்று. இவருக்கு நினைவு இருக்கிறது. இமை மூடி, கை கால் அசையாமல், கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருந்தாலும் நினைவு இருக்கலாம். அது நஞ்சின் வேலை, மூளைச் சாவு என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. "ஐயா, மூச்சுக்கு உதவுறேன், இப்ப பையை அழுத்தப் போறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்யுங்கள். பக்கத்தில் நின்று "பிழைக்க மாட்டார்" என்று பேசாதீர்கள்.

இஎம்டி_இரண்டாமாண்டு:
மிக்க நன்றி அக்கா. அதே கேஸின் அடுத்த பகுதி: ஆம்புவுக்கு முன் மூக்குக் குழாய் கேப்னோகிராஃபில் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி) 34. ஆம்பு பிடித்த இரண்டாவது மூச்சில் 66. நாம் கொடுத்த மூச்சால் மோசமாகிவிட்டதா?

தெற்குவாசல்:
இல்லை. 34 தான் பொய். அவர் வெளிவிட்ட 200 மி.லி.யில் பெரும்பகுதி டெட் ஸ்பேஸ் காற்று, அதில் கார்பன் டை ஆக்சைடே இல்லை. காற்றுப்பைக் காற்று சென்சாருக்கு வந்து சேருமுன் மூச்சு முடிந்துவிட்டது. அலையைப் பாருங்கள்: மேல்தளம் தட்டையாக நிற்காமல் குட்டையாகக் கூம்பி முடிந்திருக்கும். முழு மூச்சு கொடுத்ததும் காற்றுப்பைக் காற்று வெளியே வந்து 66 என்ற உண்மையைக் காட்டியது. அலை வடிவத்தைப் பார்க்காமல் 34-ஐ "35-45-க்குப் பக்கம், நார்மல்" என்று படித்தால்தான் ஆபத்து.

66-ஐ இரண்டு நிமிடத்தில் 40 ஆக்க முயல வேண்டாம். அதே நிதானத்தில் அழுத்துங்கள், படிப்படியாக இறங்கும். மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது இந்த இரண்டு எண்களையும், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணினார் என்பதையும் நேரத்தோடு சொல்லுங்கள். வெறும் "சாச்சுரேஷன் 98" என்று சொன்னால் வென்டிலேட்டர் தயாராக இருக்காது.