.357 தோட்டா: குண்டைப் பிடிப்பது கிரிம்பா, கழுத்தா?

கோட்டையூரான்: டெக்சாஸில் ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கூட்டுல மறுபடி மருந்தும் குண்டும் வச்சுத் தோட்டாவாக்கறது) பண்ற நம்மூர்ப் பையன் காரைக்குடி குழுவுல எழுதியிருக்கார்: "ரிவால்வர் தோட்டாவுல குண்டு முன்னால நகருதா? கிரிம்பை இன்னும் இறுக்கு." கிரிம்ப்னா கூட்டு வாய் விளிம்பைக் குண்டு மேல நெருக்கி மடக்கறது. இதை நம்பி யாரும் டையை (கூட்டை நெருக்கற அச்சை) திருகாதீங்க. குண்டைப் பிடிக்கிறது கூட்டோட கழுத்து, அதாவது குண்டு உட்காருற மேல் பகுதி. வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை மாதிரி சுத்திக் கவ்வணும். கழுத்தை விரிக்கிற எக்ஸ்பேண்டர் பிளக் குண்டைவிட 0.002, 0.003 இஞ்ச் சின்னதா இருந்தாத்தான் அந்தக் கவ்வல் வரும்.

தேவகோட்டை மணி: கழுத்து, கழுத்து! இலேசான ரிவால்வர்ல .357 மேக்னம் மாதிரி பலமான தோட்டா சுட்டா ஒவ்வொரு உதைக்கும் மிச்சத் தோட்டாவுல குண்டு முன்னால வரும். சிலிண்டர் முகத்தைத் தாண்டிட்டா சிலிண்டரே சுத்தாது. ரோல் கிரிம்ப் (விளிம்பை உள்ள சுருட்டி மடக்கறது) இல்லாம அதை எது நிறுத்தும் அண்ணே?

கோட்டையூரான்: கேனலூர் (சுத்திவர இருக்கிற பள்ளம்) வெட்டின, செப்பு உறை போட்ட ஜாக்கெட் குண்டுக்குப் போடுங்க, யார் வேண்டாம்னா? செப்புப் பூச்சுக் குண்டுல அதே இறுக்கு இறுக்கினா கூட்டு விளிம்பு பூச்சை அறுத்துடும். அதுக்கு இலேசான டேப்பர் கிரிம்ப் (விளிம்பைச் சுருட்டாம சரிவா நெருக்கறது) போதும். அளவு மீறினா கிரிம்புக்குக் கீழ கூடு உப்பும். சேம்பர்ல (சிலிண்டர் துளையில) இறங்காது, உப்பின இடத்துல பிடிப்பும் போச்சு.

பள்ளத்தூர் வாசி: இங்க கான்பூர்ல செய்யற .32 ரிவால்வர் வச்சிருக்கவங்களுக்கு இது எதுக்கு? உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டம் விடாது.

தேவகோட்டை மணி: .32-ஐ யார் கேட்டா? அதுல உதையே கம்மி. அண்ணே, .357 கூட்டோட நீளம் அதிகபட்சம் 1.290 இஞ்ச். நீளம் கூடக்குறைய இருந்தா ஒரே செட்டிங்ல கிரிம்ப் ஒண்ணுக்கு ஆழமா விழும், இன்னொண்ணுக்கு மேலோட்டமா விழும். ட்ரிம் பண்ணாம (கூட்டை ஒரே நீளத்துக்கு வெட்டாம) கிரிம்பைத் திட்டாதீங்க.



கோட்டையூரான்: ட்ரிம் பண்ணியாச்சு தம்பி. ஈயக் குண்டு 0.358 இஞ்ச். லீ கம்பெனியோட ஃபேக்டரி கிரிம்ப் டையில இருக்கிற கார்பைடு (கடினமான உலோக) வளையம் கூட்டை நெருக்கினா உள்ள ஈயமும் சுருங்கும். பித்தளை கொஞ்சம் மீளும், ஈயம் மீளாது. கழுத்துப் பிடி தளர்ந்துடும். குண்டு பதிக்க ஒரு டை, கிரிம்புக்குத் தனி டை, வளையமில்லாதது.

தேவகோட்டை மணி: ஆறு தோட்டாவையும் அளந்து போடுங்க. அஞ்சு சுட்டுட்டு ஆறாவதை மறுபடி கேலிப்பர்ல வைங்க. கிரிம்ப் இல்லாதது நீண்டிருக்கும்.

கோட்டையூரான்: கழுத்து தளர்ந்த கூட்டுல கிரிம்பை நல்லா இறுக்கிப் போட்டு அதையே செய்யுங்க. அதுவும் நீளும்.

தேவகோட்டை மணி: நீண்டா, உங்க கிரிம்ப் கேனலூர்ல உட்காரலேன்னு அர்த்தம்.

கோட்டையூரான்: கழுத்தை அளந்தீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல.