எட்டா, பத்தா, இல்லை கேமராவா? புதுசா வாங்கினதும் அதில் பார்த்ததும்

முக்குளிப்பான் (தாம்பரம்)

தீபாவளி போனஸ் வந்த கையோடு 8×42 பைனாகுலர் ஒன்று வாங்கிவிட்டேன். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. பெட்டியைப் பிரிக்கும்போதே வீட்டில் கேள்வி: "இதுல பார்த்தா குருவிதானே தெரியும்? சும்மா பார்த்தாலும் குருவிதானே தெரியுது?" இன்று வரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்னாடி வைத்திருந்தது ஒரு 10×50. கழுத்தில் மாட்டினால் அம்மிக்குழவி தொங்குகிற மாதிரி இருக்கும். ரெண்டு மழைக்காலம் பீரோவிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் சிலந்தி வலை கட்டினதுபோலப் பூசணம். ரிப்பேர்காரர் ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்துவிட்டு, "பிரிச்சா திரும்பச் சேராது சார், எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கடையில் 10×42ஐப் பிடித்துப் பார்த்தபோது அதுதான் பிடித்தது. எதிர் மாடியில் காயும் லுங்கியின் கட்டம்கூட எண்ணலாம். ஆனால் பறவை பத்து மடங்கு பெரிதாகும்போது கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, 10ஆல் வகுத்தால் 4.2. அந்த மில்லிமீட்டர் அகலத்துக்குத்தான் வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேரும். நண்பகலில் வித்தியாசம் தெரியாது. விடிந்தும் விடியாத நேரத்தில், கோரைக்குள் நிற்கிற பழுப்புக் குருவியைப் பார்க்கும்போது தெரியும்.

முதல் ஞாயிறு பெரும்பாக்கம் ஏரிக்கரை. எதைப் பார்த்தாலும் வலது கண்ணில் மங்கல். ஏமாந்துவிட்டோமோ என்று வயிறு கலங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு பையன், எட்டாவது படிப்பான், "அங்கிள், வலது கண்ணுல ஒரு வளையம் இருக்கு பாருங்க" என்றான். வலது பக்கத்தைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்கு. பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் அந்த வளையத்தை மட்டும் திருகு. அவ்வளவுதான். பத்து வருஷம் பழைய பைனாகுலரில் அதைத் தொட்டதே இல்லை நான்.

அப்புறம் பார்த்தது ஒரு நீலத்தாழைக்கோழி. ஒற்றைக் காலில் நின்று, மற்றக் கால் விரல்களால் ஒரு தண்டைப் பிடித்து, அலகுக்குக் கொண்டுபோய்ப் பட்டை உரித்துத் தின்றது. நாம் கரும்பு கடிக்கிறோமே, அச்சு அசல் அப்படி. வெறும் கண்ணுக்கு அது நீலமாக ஒரு கோழி, அவ்வளவுதான்.

நீங்கள் சமீபத்தில் என்ன வாங்கினீர்கள், அதில் முதலில் என்ன கண்டீர்கள், சொல்லுங்கள். கேமராக்காரர்களும் வரலாம். குறுக்கே நிற்காமல் இருந்தால் சரி.

இருவாச்சி (பொள்ளாச்சி)

நான் வாங்குனது ரத்தம் குடிக்கிற அட்டை கால்ல ஏறாம இருக்க உறைங்க. சாக்ஸுக்கு மேல மாட்டி முழங்காலுக்குக் கீழ இறுக்கிக் கட்டிக்கறது. உங்க பைனாகுலர் காசுல இருபது சோடிக்கு மேல வாங்கலாம். வால்பாறையில ஆனி மாச மழையில இறங்குனாத்தான் அதோட அருமை தெரியும். முன்னெல்லாம் புகையிலைத் தண்ணியும் சுண்ணாம்பும்தான் காலுக்கு. அதைப் பூசிட்டு டீக்கடைக்குள்ள போனா பக்கத்துல ஒருத்தன் உக்கார மாட்டான்.

ஆழியாறுல ஆரம்பிச்சா 40 கொண்டை ஊசி வளைவுங்க. வழியில எங்கயும் நிக்காம மேல போயி, காடர் பழங்குடி அண்ணன் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு நடந்தோம். எங்க கழுத்துல ரெண்டு பைனாகுலர், ஒரு கேமரா. அவரு கையில ஒரு கொடுவாள், கால்ல ரப்பர் செருப்பு. திடீர்னு நின்னு "வருது"ன்னாரு. எதுங்கண்ணான்னு கேட்டு முடிக்கல, தலைக்கு மேல கரி எஞ்சின் மூச்சு விடற மாதிரி ஒரு சத்தம். பெரிய இருவாச்சி! இறக்கைச் சத்தமே அதுதான். நான் பைனாகுலரைக் கண்ணுக்கு ஏத்தறதுக்குள்ள இலைக்குள்ள போயிருச்சு. கேமராக்காரருக்குக் கிடைச்சது வானத்துல ஒரு கறுப்புக் கோடு.

அப்புறம் அவரு ஒரு மரத்தைக் காட்டுனாரு. தை, மாசியில பொட்டை அந்தப் பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்குமாம். ஆண் கொண்டாந்து ஊட்டுற பழந்தான் சோறு. "குருவியைத் தேடி மேலயே பாக்காதீங்க, கீழ பாருங்க, துப்புன கொட்டை கெடக்கும்"னாரு. மரத்தடியில பழைய கொட்டைக முளைவிட்டு வரிசையா நின்னுச்சுங்க. அதுக்கு எந்தக் கண்ணாடியும் வேண்டியிருக்கல.

கரிச்சான் (மதுரை)

ஒரே இடத்துல நின்னு கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா? நடங்க சார், நடங்க! மலைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

நான் வாங்கியது மடக்குற ஊன்றுகோல், கார்பன், ஒரு ஜோடி. விலையைச் சொன்னா அடிப்பீங்க. அதைக் காட்டத்தான் கோவை பக்கம் ஏழு மலை ஏறுகிற வெள்ளியங்கிரி போனேன். பூண்டி அடிவாரத்துல மூங்கில் கம்பை நீட்டின அம்மா என் கோலைப் பார்த்துட்டு, "தம்பி, அது ஒடிஞ்சா வந்து இதை வாங்கிக்க" என்றார். கோல் ஒடியவில்லை, அதற்கு முன் ஷூ போய்விட்டது. ஆறு வருஷம் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்த நல்ல ஷூ. மூன்றாவது மலையில் அடிப்பாகம் முதலை மாதிரி வாயைப் பிளந்தது. கையால் தொட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. பாலியூரித்தேன் அடிப்பாகம் போடாமல் கிடந்தாலும் காற்றிலிருக்கிற ஈரம் பட்டுப் பட்டே இற்றுவிடுமாம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். லேஸை உருவி ஷூவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நின்றபோது, வெறுங்காலோடு ஒரு பாட்டி "சிவ சிவா"ன்னு என்னைத் தாண்டிப் போனார். ஏழாவது மலை வரைக்கும் அவரைப் பிடிக்க முடியவில்லை.

மற்ற மலைகளுக்குப் போகிறவர்கள் அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்தப் பக்கம் கால் வராது. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 தடங்களைத் திறந்து இணையத்தில் முன்பதிவு வைத்தது. கூடவே வழிகாட்டி வருவார். 'எனக்கு வழி தெரியும்' என்கிற ஆளோடு மட்டும் போகாதீர்கள். அந்த ஆளாக நானும் ஒரு காலத்தில் இருந்தேன்.

மடையான் (வேளச்சேரி)

முக்குளிப்பான் சார், அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் பெரும்பாக்கத்துல இருந்தேன். நீலச் சட்டை நீங்கதானே? குறுக்கே நின்னதும் நீங்கதான்.

என்னுடையது செகண்ட் ஹேண்ட் நிக்கான் பி900. 2015ல வந்த மாடல், 83 மடங்கு ஜூம். பெரிய லென்ஸ்காரர்கள் இதைக் கேமரா என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பைனாகுலர்காரர்கள் 'படம் பிடிக்கிற கூட்டம்' என்று ஒதுக்குவார்கள். நடுவில் நான்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சேற்றோரம் ஒரு உள்ளான், நீர்க்கரையில் மேயும் சின்னப் பறவை, வாலை ஆட்டிக்கொண்டு மேய்ந்தது. நீங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "கருப்பு உள்ளான், கருப்பு உள்ளான்!" என்றீர்கள். நாலு பேர் குறித்துக்கொண்டார்கள். அது பறந்தபோது நான் தொடர்ச்சியாக அழுத்தினேன். பதினோரு படத்தில் பத்து தண்ணீர். ஒன்றில் மட்டும் இறக்கை முழுசாக மேலே தூக்கியிருந்தது, அடிப்பக்கம் வெளிறிப்போய். கருப்பு உள்ளானுக்கு அங்கே கறுப்பாக இருக்கணும். வெளிறியிருந்தால் பொறி உள்ளான். கண்ணுக்கு அரை நொடிதான் கிடைக்கும். படம் என்றால் வீட்டில் காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்கள் அந்தப் பையனுக்கு உள்ளான் வகைகளை விளக்கிக்கொண்டிருந்தீர்கள். இடையில் வர மனசு வரவில்லை.

முக்குளிப்பான் (தாம்பரம்)

நீலச் சட்டை நான்தான். பொறி உள்ளானும் அதுதான். பட்டியலைத் திருத்திவிட்டேன், அந்த நாலு பேரைத்தான் இனி எங்கே தேடுவேன்.

ஆனால் கேமரா மீது எனக்குள்ள கோபம் சும்மா வந்ததில்லை. வலசைக்காலத்தில் ஆறுமணிக்குருவி சென்னையில் இறங்கும். இரவெல்லாம் பறந்து களைத்து, யார் வீட்டுக் கொல்லை என்று பார்க்காமல் விழும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பேர். போன ஐப்பசியில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஒன்று வந்திருந்தது. சருகைப் புரட்டிப் புரட்டி மண்புழு தேடிக்கொண்டிருந்தது. சுற்றி ஏழு கேமரா முக்காலி. ஒருத்தர் செல்போனில் அதன் குரலையே போட்டார். குருவி இரையை விட்டது. போன் இருந்த கல்லின் மேல் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, யாரோ எதிரி வந்துவிட்டான் என்று பதில் கூவியது. திரும்பப் போட்டார். திரும்பக் கூவியது. முக்கால் மணி நேரம். அத்தனை பேருக்கும் நல்ல படம் கிடைத்தது. குருவிக்குப் புழு கிடைக்கவில்லை.

மடையான் (வேளச்சேரி)

குரல் போடுகிறவர்கள் பக்கம் நான் நிற்கமாட்டேன், கூட்டை நெருங்கிப் படமெடுக்கிறவர்கள் பக்கமும்தான். ஆனால் குரல் போட்டது செல்போன் சார், கேமரா இல்லை. பைனாகுலர் மாட்டினவர்களும் அதே வேலையைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம்.

செங்கால் நாரை (நாங்குநேரி)

பொறுங்க, பொறுங்க. வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சண்டையைப் பார்த்தா கை தானா பிரம்பைத் தேடுது.

எங்கிட்ட இருக்கது பழைய ருசியா (ரஷ்ய) பைனாகுலர், 8×30. முப்பது வருசம் ஆச்சு. புதுசா நான் வாங்கினது ஒரு தோல்வார் மட்டுந்தான், பழசு அத்துப்போச்சு. மாசம் ஒருக்கா கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போவேன். அங்க சங்குவளை நாரை ஊருக்குள்ள, வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும். எச்சம் விழுந்து நாறும், ஒருத்தரும் விரட்டமாட்டாக. அந்த எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம்லா. தீபாவளிக்கு வேட்டு போடாத ஊரு.

ரெண்டு வருசம் முன்ன மார்கழியில பட்டைத்தலை வாத்துக் கூட்டம் வந்திருந்துச்சு. இமயமலையைத் தாண்டி வாரது. ஒண்ணோட கழுத்துல மட்டும் ஆராய்ச்சிக்காரங்க மாட்டுற அடையாளப் பட்டை இருந்தது. அதுல எழுத்து இருக்குன்னு ருசியாவுல தெரியுது, என்ன எழுத்துன்னு தெரியல. தரையில படுத்துக்கூடப் பார்த்தேன். கரையில கேமராவோட ஒரு பையன், யாரு எவருன்னு தெரியாது, "அண்ணாச்சி, இதப் பாருங்க"ன்னு படத்தைப் பெரிசாக்கிக் காட்டினான். மூணு எழுத்தும் பளிச்சுனு இருந்தது. எழுதிப் போட்டோம். மங்கோலியாவுல மாட்டின பட்டைன்னு பதில் வந்தது. அன்னைக்கு ரெண்டு பேருமா சேர்ந்து புரோட்டா சாப்பிட்டோம்.

காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் கடைசி வரைக்கும் கறுப்பு வெள்ளையிலதான் காட்டு விலங்குகளைப் படம் எடுத்தார். கேமராவே அவரு ஒட்டுப்போட்டுச் சேர்த்ததுதான். அவரு எழுதினதைப் படிச்சா, அந்த மனுசன் படம் எடுத்த நேரத்தை விட உக்காந்து பார்த்த நேரம் கூடன்னு தெரியும். பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலி குருவி பார்க்க ஆரம்பிச்சதே ஏர்கன்னால சுட்டு வீழ்த்தின ஒரு சிட்டுல இருந்துதான். பிறகு கையில பைனாகுலரையும் பிடிச்சாரு.

முக்குளிப்பானுக்கு ஒரு வார்த்தை. பைனாகுலரைப் பீரோவுல வைக்காதீக. அதோட தோல் பையிலயும் வைக்காதீக, தோல் ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கும். மூடி இறுக்கமா இருக்க பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல். வாரம் ஒருக்கா வெளிய எடுத்துப் பாருங்க. என் 8×30ல இன்னைக்கு வரைக்கும் ஒரு புள்ளி பூசணம் கிடையாது.

முக்குளிப்பான் (தாம்பரம்)

வாத்தியாரையா, டப்பா வாங்கிவிட்டேன். ஆனால் உள்ளே வைக்கத்தான் பைனாகுலர் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு கேபிள் ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டுகிறது. எங்கள் வீட்டு அம்மா மூணு நாளாக அடுப்படி ஜன்னலில் பைனாகுலரோடு நிற்கிறார். "சிலந்தி நூலைச் சுத்திக் கட்டுதுங்க, வந்து பாருங்க" என்று கூப்பிடுகிறார். போனால் கையில் தருவதில்லை. ஒயரை மாற்ற வந்த கேபிள்காரரையும் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ரெண்டு நாளாக டிவி இல்லை.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. 2015லிருந்து நடப்பதுதான். குறைந்தது பதினைந்து நிமிஷம் பார்த்து, கண்டதையெல்லாம் எண்ணி ஈபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் போட வேண்டும். மாட்டுப் பொங்கல் அன்று காலை ஆறு மணிக்குப் பெரும்பாக்கம். மடையான், கேமராவோடு வாருங்கள், உள்ளான்கள் உங்கள் பொறுப்பு.

மடையான் (வேளச்சேரி)

வருகிறேன். நீலச் சட்டை வேண்டாம், தூரத்திலேயே பறந்துவிடும்.

கரிச்சான் (மதுரை)

அன்னைக்குச் சென்னையிலதான் இருப்பேன். பதினைந்து நிமிஷம் நிற்கிறது எனக்குக் கஷ்டம். ஏரியைச் சுத்தி நடந்துகிட்டே எண்ணலாமா? ஊன்றுகோல் கொண்டுவரலாமா?

முக்குளிப்பான் (தாம்பரம்)

நடந்துகொண்டே எண்ணலாம். மூங்கில் கம்பு என்றால் கொண்டுவாருங்கள்.