டிபிஎஸ் வெச்ச பிறகு அப்பா ராத்திரி உறங்குறதே இல்ல

குலசேகரம் மகள்:
அப்பா ரப்பர் பால் வெட்டுறவரு. பார்க்கின்சன் வந்து கை நடுங்கி, கத்தி பட்டையைத் தாண்டி தடியில இறங்க ஆரம்பிச்சதும் வேலையை விட்டாரு. திருவனந்தபுரத்துல டிபிஎஸ் வெச்சாச்சு, அதாவது மூளைக்குள்ள கம்பி விட்டு லேசா கரண்ட் கொடுக்குற கருவி. மூளையில ரெண்டு பக்கமும் சப்தலாமிக் நியூக்ளியஸ்ங்கிற சின்னப் பகுதியில கம்பி, காரை எலும்புக்குக் கீழ பேட்டரி. இப்ப சாயா டம்ளரை ஒத்தக் கையில பிடிக்காரு, பாக்கவே சந்தோஷமா இருக்கு.

ஆனா கடைசி புரோகிராமிங்ல, அதாவது கருவியோட செட்டிங்கை மாத்துறப்ப, கரண்டைக் கூட்டினதுல இருந்து உறக்கம் போச்சு. நடுராத்திரி எழும்பி தலையில லைட்டை மாட்டி, திண்ணையில இருந்து பால் வெட்டுற கத்தியைத் தீட்டிக்கிட்டு இருக்காரு. ராத்திரி மட்டும் பேட்டரியை ஆஃப் பண்ணலாமா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

தக்கலை அக்கா:
மக்களே, ஆஃப் மட்டும் பண்ணிராத. ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையையும் குறைச்சிருப்பாங்க, கரண்டும் நின்னா உடம்பு விறைச்சிரும். எங்க வீட்டுக்காரருக்கும் இதே ஆபரேஷன்தான். அவருக்கு மருந்து ராத்திரியில தீர்ந்து, புரண்டு படுக்க முடியாம முழிப்பாரு. படுக்கும்போது போட மெதுவா வேலை செய்யுற லெவோடோபாங்கிற பார்க்கின்சன் மாத்திரை எழுதித் தந்தாங்க, சரியாச்சு. ஒண்ணு கேக்கேன், அப்பா பகல்ல அசந்து கிடக்காரா?

குலசேகரம் மகள்:
அசதியே இல்லக்கா! நாள் முழுக்கப் பேச்சு. தோட்டம் ஒண்ணைப் பாட்டத்துக்கு எடுக்கேன்னு யாருகிட்டயும் கேக்காம அட்வான்ஸும் கொடுத்துட்டாரு. பழைய உற்சாகம் திரும்பிருச்சுன்னு நெனச்சோம்.

மார்த்தாண்டம் நர்ஸ்:
அந்த அட்வான்ஸ் விஷயத்தை டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க. அசதியில்லாத முழிப்பு, ஓயாத பேச்சு, யோசிக்காத செலவு மூணும் சேர்ந்தா ஹைப்போமேனியாவா, அதாவது மனசு அளவுக்கு மீறி உற்சாகமாகிற நிலையா, இருக்கலாம். அந்த நியூக்ளியஸ் பயறு அளவுதான். உடம்பு அசைவைப் பாக்குற பகுதியும் மனநிலையைப் பாக்குற பகுதியும் ஒட்டியே இருக்கு, கரண்ட் பரவினா இப்படி ஆகும். பெரும்பாலும் செட்டிங்கை மாத்தினா அடங்கும். இந்த ஆபரேஷன் பலருக்கு உறக்கத்தை நல்லாக்கத்தான் செய்யும், அதனால பயப்படாதீங்க.

ப்ராமிபெக்ஸோல், செலிஜிலின், அமன்டடின்னு பார்க்கின்சன் மாத்திரை ஏதாவது போடுறாரான்னு சீட்டைப் பாருங்க. அதுகளும் உறக்கத்தைக் கெடுக்கும். நீங்களா நிறுத்தவும் வேண்டாம், தூக்க மாத்திரை வாங்கவும் வேண்டாம். அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே போன் பண்ணி, கரண்டைக் கூட்டின தேதியைச் சொல்லுங்க. பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் அதுவரைக்கும் உங்க கையில இருக்கட்டும், அந்தக் கத்தியும்.