வீடு கேரளா வண்டிப்பெரியாரில், பத்தாவது படித்தது தமிழ்நாட்டுக் கம்பத்தில்: ஐடிஐ சேரும் தங்கைக்கு எந்த அரசாங்கம் உதவித்தொகை தரும்?

குமுளி ஜீப்காரன்

வணக்கம். நான் குமுளியில் ஜீப் ஓட்டுகிறேன். வீடு வண்டிப்பெரியார் பக்கம், எஸ்டேட் லயத்தில். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். தங்கை ஏழாவது வரை இங்கேயே கேரளா அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தாள். எட்டாவதுக்குக் கம்பத்தில் பாட்டி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் அங்கே அரசுப் பள்ளி. இப்போது தேனி மாவட்டத்தில் ஓர் அரசு ஐடிஐ-யில் எலக்ட்ரீசியன் கிடைத்திருக்கிறது. இரண்டு வருஷப் படிப்பு.

விசாரிக்கப் போன இடத்தில் கவுன்டரில் இருந்தவர் ஆதார் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேரளா அட்ரஸா? ஒண்ணும் வராதும்மா" என்று கார்டைத் தள்ளிவிட்டார். என்ன வராது, ஏன் வராது, எதுவும் சொல்லவில்லை. வெளியே ஒரு ஆள், ஏதோ செலவுக்குக் கொடுத்தால் தமிழ்நாட்டுப் பக்கமே இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் போட்டுத் தருகிறேன் என்கிறார். நாங்கள் எஸ்சி. தங்கைக்குக் கேரளா சான்று கையில் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு பெண் பிள்ளைகள் மேலே படிக்க மாதாமாதம் தருகிற புதுமைப் பெண் 1,000 ரூபாய் அவளுக்கு வருமா? எஸ்சி ஸ்காலர்ஷிப்பை எந்த ஸ்டேட்டில் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்‌ஷயா அக்கா, பீருமேடு

தம்பி, முதலில் அந்த வெளி ஆளின் நம்பரை போனிலிருந்து அழி. கேரளாவில் எஸ்சி சான்று வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் இன்னொன்று எடுத்தால், வெரிஃபிகேஷன் வருகிற அன்று இரண்டுமே கேள்விக்குள் போகும். கேரளாவில் இந்தச் சான்று கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன் வீட்டாருக்கே தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்சி பட்டியல் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் தனி. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் நிரந்தரமாக எங்கே இருந்ததோ அந்த ஸ்டேட் சாதிதான் கணக்கு. பிழைக்க வந்த ஸ்டேட்டில் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 1990-ல் சொல்லிவிட்டது. பீருமேடு, தேவிகுளம் தாலுகாக்களில் நம் ஆட்கள் மாட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான். தாத்தா அந்தத் தேதிக்கு முன்பே மலை ஏறியவர் என்று காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? எஸ்டேட் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), பழைய ஸ்கூல் அட்மிஷன் ரெஜிஸ்டர், ஏதாவது ஒன்று. எஸ்டேட் கை மாறியிருக்கும், 2000-த்தை ஒட்டிப் பூட்டியே போயிருக்கும், ரெஜிஸ்டர் கரையானுக்குப் போயிருக்கும். நாலு தலைமுறையாக இங்கே கிடந்தாலும் "தமிழ்நாட்டில் போய் வாங்கு" என்பார்கள். அங்கே போனால் "நீங்கள் கேரளா" என்பார்கள். உங்கள் வீட்டில் கிடைத்துவிட்டது என்றால் பெரிய விஷயம். தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். எஸ்சி பிள்ளைகள் பத்தாவதுக்கு மேல் படிக்கக் கொடுக்கிற போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் மத்திய அரசுத் திட்டம். அதை மாணவி எந்த ஸ்டேட்டுக்காரியோ அந்த ஸ்டேட் வழியாகத்தான் கொடுப்பார்கள். படிக்கிற காலேஜ் எங்கே இருக்கிறது என்பதை வைத்து அல்ல. அதனால் தேனியில் ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அலைய வேண்டாம். உன் தங்கைக்குக் கேட்க வேண்டிய இடம் இந்தப் பக்கம், கேரளாவில், அழுதா பிளாக் எஸ்சி டெவலப்மென்ட் ஆபீஸ். மத்தியத் திட்டத்துக்கு வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தோட்டக் கூலியில் அதைத் தாண்ட எங்கே போவது!

ஆனால் அட்மிஷன் போடும் முன்பே ஆபீசில் நேராகப் போய்ப் பேசு. ஐடிஐ பெயர், டிரேடு, அது எந்த ஸ்டேட் என்று சொல்லி, கேரளா அரசின் ஸ்காலர்ஷிப் வெப்சைட்டான இ-கிரான்ட்ஸில் ஏறுமா என்று கேள். வெளி ஸ்டேட் கல்வி நிலையம் என்றால் கூடுதலாகப் பேப்பர் கேட்பார்கள். கட்டப்பனை அரசு ஐடிஐ-யில் சேர்ந்தால் இந்தத் தலைவலி இல்லை, அதையும் வீட்டில் பேசுங்கள்.

ஓய்வு வாத்தியார், உத்தமபாளையம்

புதுமைப் பெண் பற்றி நான் சொல்கிறேன். முகவரி, வருமானம், சாதி எதையும் அந்தத் திட்டம் பார்ப்பதில்லை. கவுன்டரில் கேரளா அட்ரஸ் என்று தள்ளிவிட்டது தவறான காரணம். ஆனால் முடிவு அதேதான், அதைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது.

2022 செப்டம்பர் 5 முதல் நடக்கிற திட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவதோடு ஐடிஐ, பாலிடெக்னிக் போகிறவர்களுக்கும் உண்டு. விதிவிலக்கு என்று எனக்குத் தெரிந்து ஒன்று: ஆறு முதல் எட்டு வரை கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்த பெண்கள். பிறகு அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளையும் சேர்த்தார்கள். உங்கள் தங்கைக்கு இடிப்பது ஆறும் ஏழும். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸில் அவள் நம்பரைத் தட்டினால் எட்டாவதிலிருந்துதான் வரும்.

அதுவும் அரசுப் பள்ளிதானே, அதுவும் தமிழ்வழிதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளை எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் நானே நிறையச் சேர்த்திருக்கிறேன், உத்தரவு எழுதியவர்கள் இவர்களை நினைக்கவில்லை. திங்கட்கிழமை தேனி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் சமூக நலத்துறைக்கு என்று ஒரு மனு கொடுங்கள். கிடைத்துவிடும் என்று நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

பிளஸ் டூ முடித்துவிட்டுப் போனால் கிடைக்குமா என்று யோசிக்க வேண்டாம், அப்போதும் அந்த இரண்டு வகுப்பு நிற்கும். வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளை இருந்தால், கீழே படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால், ஆறாவதிலேயே கொண்டுவந்து விடுங்கள். பையன் என்றாலும் இதே விதிதான், 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது.

அரசு ஐடிஐ-யில் வேறு உதவி உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. வருகைக்கு ஏற்ப மாதம் 750 ரூபாய், சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், பஸ் பாஸ். இதற்கு ஆறாவது எங்கே படித்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு வருஷ ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். எலக்ட்ரீசியனுக்கு அது நல்ல வழி.

நகரிக்காரன்

எங்கள் ஆந்திரா எல்லையில் இதே கூத்து வேறு மாதிரி. திருத்தணியில் தமிழ் மீடியம் இருக்கிறதே என்று பிள்ளைகளை அங்கே சேர்ப்போம். திரும்பி வந்து ஆந்திராவில் காலேஜ் கேட்டால், கடைசி நாலு வருஷம் தொடர்ந்து எங்கே படித்தாய் என்பார்கள். வெளியே படித்திருந்தால் 85 சதவீத லோக்கல் சீட்டு போச்சு. அப்பா அம்மா பத்து வருஷம் இங்கே குடியிருந்ததைக் காட்டி மீதி 15 சதவீதத்தில்தான் நிற்க வேண்டும். எங்கள் தாலுகாவில் இதை எட்டாவது சேர்க்கும்போது சொல்ல ஒரு ஆள் இல்லை.

குமுளி ஜீப்காரன்

அக்கா, சார், ரொம்ப நன்றி. ஆறும் ஏழும் இப்படிக் குறுக்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன், "அப்போ கம்பத்துல ஹாஸ்டலும் இல்லையே, பாட்டி வீட்டுல இடமும் இல்லையே" என்று இருந்த ஒரே காரணத்தைச் சொன்னார். கட்டப்பனை வேண்டாம் என்கிறாள் தங்கை, அவளுடைய தோழிகள் எல்லாம் தேனிப் பக்கம். பிளாக் ஆபீசுக்குப் போகிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும்?

அக்‌ஷயா அக்கா, பீருமேடு

அலாட்மென்ட் ஆர்டர், சாதிச் சான்று, வருமானச் சான்று, பத்தாவது மார்க் ஷீட், ஆதார், தங்கை பெயரில் உள்ள பேங்க் பாஸ்புக். அம்மா பெயரில் உள்ள அக்கவுன்ட் வேண்டாம். அந்த அக்கவுன்டில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பேங்கில் முதலில் பார்த்துக்கொள், பணம் ஆதாரைப் பிடித்துத்தான் வரும். ஐடிஐ-யில் சேர்ந்த பிறகு பிரின்சிபால் கையெழுத்தோடு படிக்கிற சான்று ஒன்று கேட்பார்கள், அது ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழில் கொண்டுவந்தால் இங்கே படிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.