வைக்கோல் எத்தனால்: நெல்லுக்குப் பாய்ச்சிய நீரை எந்தக் கணக்கில் எழுதுவது?

கேள்வி: பொன்னிக்கரை

வேளாண் கழிவுகளிலிருந்து கிடைக்கும் எரிபொருளின் நீர்த்தடம் (அதை உருவாக்க மொத்தத்தில் செலவாகும் நீரின் அளவு) குறித்து முதுகலை ஆய்வேட்டில் ஓர் இயல் எழுதி வருகிறேன். ஹரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்துள்ள வைக்கோல் எத்தனால் ஆலையை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அந்த ஆலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோலைப் பயன்படுத்தி 3 கோடி லிட்டர் எத்தனால் தரும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அதாவது டன்னுக்கு 150 லிட்டர்.

என் நெறியாளர், வைக்கோல் எப்படியும் எரிக்கப்படும் கழிவு என்பதால் வயலில் செலவான நீரை அதன்மேல் ஏற்றக் கூடாது, ஆலைக்குள் செலவாகும் நீரை மட்டும் எழுதினால் போதும் என்கிறார். நான் படித்த கட்டுரைகளோ ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சில லிட்டரில் தொடங்கிச் சில ஆயிரம் லிட்டர் வரை சொல்கின்றன. ஒரே பொருளுக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வரும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: நீர்க்கணக்கன்

வேறுபாடு பெரும்பாலும் அளவீட்டில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. நீர்த்தடம் என்ற கருத்தை 2002இல் முன்வைத்த நெதர்லாந்து அறிஞர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ராவின் முறைப்படி, ஒரு பயிரிலிருந்து இரண்டு பொருள்கள் கிடைத்தால் அப்பயிரின் நீரை அவற்றின் சந்தை மதிப்பின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். உங்கள் ஆலைக்கே போட்டுப் பார்ப்போம்.

ஒரு டன் நெல்லுக்கு உலகச் சராசரி நீர்த்தடம் 1,673 கன மீட்டர் என்று மெகோனனும் ஹூக்ஸ்ட்ராவும் 2011இல் வெளியிட்டார்கள். ஒரு டன் நெல்லுடன் ஒரு டன் வைக்கோல் கிடைப்பதாகக் கொள்ளுங்கள். நெல்லுக்கு 2024-25ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஆதரவு விலை டன்னுக்கு 23,000 ரூபாய். வைக்கோலுக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் அதன் பங்கு 8 விழுக்காடு. அப்போது ஒரு டன் வைக்கோலின் தலையில் விழுவது ஏறத்தாழ 134 கன மீட்டர். 150 லிட்டருக்கு வகுத்தால், லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 890 லிட்டர் நீர். எடை விகிதத்தில் சரிபாதியாகப் பிரித்தாலோ இதுவே 5,500 லிட்டரைத் தாண்டிவிடும். நெறியாளர் சொல்வதுபோல் வயல் நீரைச் சுழியம் என்று வைத்தால், ஆலைக்குள் செலவாகும் சொற்ப லிட்டர்தான் மிஞ்சும். மூன்றிலும் ஆலை ஒன்று, வைக்கோல் ஒன்று.

அந்த 1,673 கன மீட்டரில் 1,146 மழையால் வந்த பசுமை நீர். பாசனத்தால் செலவாகும் நீல நீர் 341 மட்டுமே. மீதி, உர மாசை நீர்க்கச் செய்யத் தேவைப்படும் சாம்பல் நீர். குழாய்க்கிணற்றை நம்பி நெல் விளையும் பஞ்சாப், ஹரியானாவுக்கு இந்த விகிதம் பொருந்தாது. அங்கே நீல நீரின் பங்கு மிகக் கூடுதல். ஆகவே உலகச் சராசரியை வழிமுறையை விளக்க மட்டும் பயன்படுத்துங்கள், முடிவாக எழுதாதீர்கள்.

மறுமொழி: சக்கையடுப்பு

சர்க்கரை ஆலையின் கொதிகலன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஆலைப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனெனில் ‘சொற்ப லிட்டர்’ என்று அதைக் கடந்து போவது எனக்கு உடன்பாடில்லை. கரும்பில் எழுபது விழுக்காட்டுக்குக் குறையாமல் தண்ணீர்தான். சாற்றைக் காய்ச்சும்போது வரும் வடிநீரே ஆலையின் பல தேவைகளுக்குப் போதும். நூறு டன் கரும்புக்கு முப்பது டன் அளவில் விழும் சக்கையும் பாதி ஈரத்தோடு நேராக அடுப்புக்குப் போய்விடும். வைக்கோலுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. உலர்ந்து கட்டுக்கட்டாக வரும் அதை நறுக்கி, வேகவைத்து, நொதிகள் வேலை செய்யும் அளவுக்குக் கூழாக்க வேண்டும். கூழில் ஐந்தில் ஒரு பங்கு வைக்கோல் என்றால் மீதி நான்கு பங்கும் தண்ணீர்; அதாவது டன்னுக்கு 4,000 லிட்டர், லிட்டர் எத்தனாலுக்கு 27 லிட்டர் ஆலைக்குள் சுற்ற வேண்டும். அதில் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றாலும், குளிர்விப்புக் கோபுரத்தில் ஆவியாவது திரும்பாது.

வைக்கோலை எரித்து மின்சாரம் எடுத்தாலும் கோபுரம்தான் தண்ணீரைக் குடிக்கும். பழைய அனல் மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் யூனிட்டுக்கு 3.5 லிட்டர் என்று வரம்பு வைத்தது. வைக்கோல் போன்ற உயிர்ப்பொருளை எரிக்கும் நிலையங்கள் சிறியவை, வெப்பத் திறன் குறைந்தவை. ஆகவே யூனிட்டுக்கு வெளியேற்றும் வெப்பம் கூடுதல், ஆவியாகும் நீரும் கூடுதல். காற்றுவழிக் குளிர்விப்பு வைத்தால் இதை ஏறக்குறைய நீக்கிவிடலாம். விலையும் மின்செலவும் ஏறும் என்பதால்தான் முதலீட்டாளர் தயங்குகிறார்.

890 லிட்டரும் 27 லிட்டரும் ஒரே வகைத் தண்ணீரும் அல்ல. முன்னது ஆயிரக்கணக்கான வயல்களில் பரவியது. பின்னது ஒரே இடத்தில், ஆண்டு முழுவதும் உறிஞ்சப்படுவது. நிலத்தடி நீர் ஏற்கெனவே மிகையாக எடுக்கப்படும் வட்டாரத்தில் ஆலையை அமைக்கும்போது, அக்கம்பக்கத்தாரைத் தொடுவது இந்தச் சிறிய எண்தான்.

மறுமொழி: தாளடி

இருவரும் தொடாத ஒன்று, வைக்கோல் வயலில் கிடந்தால் என்ன செய்யும் என்பது. பஞ்சாபில் ஹேப்பி சீடர் கருவியால் நெல் தாளின் ஊடாகவே கோதுமையை விதைக்கும்போது, மேலே பரவிக் கிடக்கும் வைக்கோல் மண்ணின் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. விதைப்புக்கு முன் ‘ரௌனி’ என்று அவர்கள் பாய்ச்சும் நீரைப் பல வயல்களில் மிச்சப்படுத்தவும் முடிகிறது. அந்த வைக்கோலை அள்ளி ஆலைக்கு அனுப்பினால், இழந்த ஈரத்தையும் எத்தனாலின் கணக்கில்தான் எழுத வேண்டும். ஆனால் அதே வயலில் வைக்கோல் எரிக்கப்பட்டு வந்திருந்தால் இந்த இழப்பு எழுத வேண்டியதில்லை. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் தஞ்சைப் பக்கம் வைக்கோல் மாட்டுத் தீவனம். அறுவடை எந்திரம் வயலை விட்டு இறங்கியதும் கட்டுக் கட்டும் எந்திரம் வந்து நிற்கும். அங்கே ‘கழிவு’ என்று கொண்டு சுழியம் போட்டால் மாடு வைத்திருப்பவர் சிரிப்பார்.

இன்னொன்று. வைக்கோலுக்கு விலை கிடைத்தால் எந்த இரகத்தை விதைப்பார்கள்? பூசா-44 நீண்ட கால நெல் இரகம். தண்ணீரும் கூடுதல், வைக்கோலும் கூடுதல். அதற்குத் தடை விதிப்பதாகப் பஞ்சாப் அரசு 2023இல் அறிவித்ததற்கு இவையே காரணம். ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக முதிரும் பி.ஆர்-126 இரண்டையும் குறைக்கிறது. வைக்கோல் வருமானம் விவசாயியைப் பழைய இரகத்தின் பக்கம் இழுத்தால், எந்தப் பங்கீட்டு வாய்பாட்டிலும் அந்த நீர் அகப்படாது.

மறுமொழி: பொன்னிக்கரை

மூவருக்கும் நன்றி. அட்டவணையில் வயல் நீரை விலைப் பங்கீட்டிலும் சுழியத்திலும் தனித்தனியாகக் காட்டி, ஆலை நீரை அவற்றோடு கூட்டாமல் இடம் குறித்து எழுதப் போகிறேன். ஒரே ஓர் ஐயம்: வைக்கோல் விலை டன்னுக்கு 4,000 ரூபாயாக ஏறினால், வயலில் எதுவும் மாறாமலே நீர்த்தடம் கூடிவிடுமா?

மறுமொழி: நீர்க்கணக்கன்

கூடும். பங்கு 8 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 15 ஆகும், 890 லிட்டர் 1,650ஐ ஒட்டி நிற்கும். நெல்லின் நீர்த்தடம் அதே அளவுக்குக் குறைந்திருக்கும், மொத்தம் மாறாது. ஆகவே விலைகளின் ஆண்டை அட்டவணையின் தலைப்பிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.