தங்கச்சி பேரைச் சொல்லி கார்ட்டூன் பார்க்கிறவர்கள் கொஞ்சம் வாங்க

அரைத்தூக்கம்:
வயசு இருபத்தொன்பது. வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு, நாலு வயசுப் பிள்ளைகளுக்காக எடுத்த கார்ட்டூன் பார்க்கிறேன். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் சட்டென்று செய்திக்கு மாற்றிவிடுவேன். முடித்ததும் ஹிஸ்டரியை அழிப்பேன். ஒருநாள் அழிக்க மறந்து தூங்கிவிட்டால் போச்சு, காலையில் டிவியைப் போட்டதும் 'தொடர்ந்து பார்க்க' வரிசையில் முதல் ஆளாக 'ப்ளூயி' கார்ட்டூனின் நீல நாய்க்குட்டி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். வெட்டுக்குத்துப் படத்தை எல்லார் முன்னாலும் பார்க்க முடிகிறது, இதை மட்டும் ஏன் ஒளிந்து பார்க்கிறேன்? "பிடிச்சதைப் பாருங்க பாஸ்" என்று ஆறுதல் சொல்ல வராதீர்கள். எதிர்க்கிறவர்கள் காரணத்தோடு எதிர்க்கவும்.

கறார்பேர்வழி:
எதிர்க்கிறேன். ஒளிக்கிறீர்கள் என்பது பிரச்சினையே இல்லை. அந்த நிகழ்ச்சி உங்களிடம் எதையும் கேட்பதில்லை, அதனால்தான் பிடிக்கிறது. கெட்டவன் யார் என்று யோசிக்க வேண்டாம், முடிவு என்னாகுமோ என்று பதற வேண்டாம். அடுத்த எபிசோடில் எல்லாம் பழையபடி இருக்கும். மனசுக்கு இப்படி லீவு கொடுத்துக்கொண்டே இருந்தால், கொஞ்சம் கஷ்டமான படம் வந்தாலே எழுந்து ஓடத் தோன்றும்.

மூணாம்பெஞ்ச்:
எனக்கு 16. தங்கச்சிக்காகப் போட்டேன் என்று சொல்லித்தான் இத்தனை நாள் ஓட்டினேன். இப்போ அவளுக்கு அது போரடித்துவிட்டது. "அண்ணா, நீ இன்னுமா இதைப் பார்க்கிற?" என்று அம்மா முன்னாடியே கேட்டுவிட்டாள். இனி யார் பேரைச் சொல்வது?

வேதாளம்:
தம்பி, யார் பேரையும் சொல்ல வேண்டாம். எது குழந்தைகளுக்கு என்று முடிவு பண்ணினது யார்? டாம் அண்ட் ஜெர்ரி 1940-இல் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடின குறும்படம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து சிரித்தது பெரியவர்களும்தான். டிவிக்கு வந்த பிறகுதான் அது பிள்ளைகள் கணக்கில் விழுந்தது. விக்கிரமாதித்தன்-வேதாளம் கதையும் அப்படித்தான். 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் காஷ்மீர ராணி சூரியமதிக்காகத் தொகுத்த கதாசரித்சாகரம் என்ற சமஸ்கிருதக் கதைத் தொகுப்புக்குள் அது இருக்கிறது. ராணி குழந்தையா?

இன்னொன்று. ஹாரி பாட்டர் முதல் புத்தகத்துக்கு 1998-இல் பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டார்கள். பளபளப்பான ஓவியம் போய், கருப்பு வெள்ளையில் ஒரு ரயில் என்ஜின் புகைப்படம். உள்ளே கதை அதேதான். ரயிலில் உட்கார்ந்து படிக்கிறவருக்குக் கூச்சம் இருக்கும் என்று பதிப்பாளருக்கே தெரிந்திருக்கிறது, அதற்குத் தோதாக முகமூடி தைத்துக் கொடுத்துவிட்டார்!

கறார்பேர்வழி:
வேதாளம் அண்ணே, வசதியாக நழுவுகிறீர்கள். நீங்கள் சொன்ன மூன்றுமே எல்லா வயசுக்கும் ஈடுகொடுக்கிற சரக்கு. அரைத்தூக்கம் பார்க்கிற நீல நாய்க்குட்டியும் அதே ரகம்தான், எதையும் கேட்பதில்லை என்று முதலில் அதையும் சேர்த்துச் சொன்னது என் தப்பு. அதில் ஒரு எபிசோட் வரும்: மற்ற குழந்தை முந்திவிட்டது, தன் குழந்தை இன்னும் பின்தங்கியிருக்கிறதே என்று தாய் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பாள். நிறைய பிள்ளை பெற்ற இன்னொரு தாய் வீட்டுக்கு வந்து, நீ நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாய் என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் போவாள். அந்த வரி நாலு வயசுப் பிள்ளைக்கா எழுதினது? பெரியவர்கள் கதையை ஏழு நிமிடத்தில், நாய் முகம் மாட்டிச் சொல்கிறார்கள். அதை ரசிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நிஜமாகவே சின்னஞ்சிறுசுகளுக்கு எடுத்ததைச் சொல்லுங்கள். 1997-இல் வந்த டெலிடபீஸ் என்ற குழந்தை நிகழ்ச்சியில் ஒரு சின்னப் படம் காட்டுவார்கள். முடிந்ததும் அந்த டெலிடபீஸ் பொம்மைகள் "மறுபடி, மறுபடி" என்று கேட்பார்கள், அதே படத்தை அப்படியே திரும்பப் போடுவார்கள். ஒரு வயசு, இரண்டு வயசுக்கு அது ஆனந்தம். பெரியவர் ஒருவர் முழுக்க உட்கார்ந்து ரசித்தார் என்றால் நான் வாதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அரைத்தூக்கம்:
வாபஸ் வாங்குங்கள்! நான் ரசிப்பது அந்த ரகத்தையும்தான். பெரியவர்களுக்கான சீரியலில் ஒருத்தர் டம்ளரில் பாலை ஊற்றினாலே அதில் விஷம் இருக்குமோ என்று பார்க்கப் பழகிவிட்டேன். இங்கே ஒரு பொம்மை ஜேசிபி பள்ளம் தோண்டுகிறது, மண்ணை லாரியில் கொட்டுகிறது, லாரி நன்றி சொல்லிவிட்டுப் போகிறது. அவ்வளவுதான் கதை. உள்ளர்த்தம் கிடையாது. அது கிடையாது என்பதற்காகவே பார்க்கிறேன்.

கறார்பேர்வழி:
அது ரசனை இல்லை, தூக்க மாத்திரை. பேரிலேயே வைத்திருக்கிறீர்கள்.

நிலாஅம்மா:
நான் வேறு பக்கத்திலிருந்து எதிர்க்கிறேன். பாருங்கள், ரசியுங்கள். ஆனால் ஒளித்தே பாருங்கள். கூச்சத்துக்காக இல்லை. 2010 அக்டோபரில் சின்னப் பெண் குழந்தைகளுக்காக 'மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்' என்று ஒரு குதிரைக்குட்டி கார்ட்டூன் தொடங்கினார்கள். பெரிய ஆண்கள் கூட்டம் கூட்டமாக ரசிகர்கள் ஆனார்கள். தங்களுக்கென்று 'ப்ரோனி' என்று ஒரு பேர் வைத்துக்கொண்டு, 2011-லிருந்து 2019 வரை அமெரிக்காவில் மாநாடே நடத்தினார்கள். கடைசி மாநாட்டுக்கு 10,000 பேருக்கு மேல். பெரும்பாலும் நல்லவர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே குதிரைகளை வைத்து ஆபாசப் படம் வரைந்து குவித்தவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். பிள்ளைக்கு வண்ணம் தீட்ட ஒரு படம் தேடினால் பெற்றவர்கள் பக்கத்திலேயே உட்கார வேண்டியதாயிற்று. பெரியவர்கள் கும்பலாக நுழைந்தால் அது பிள்ளைகள் இடமாக இருக்காது. தனியாக, சத்தமில்லாமல் பார்க்கிறவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

வேதாளம்:
அக்கா, பத்துப் பேர் அசிங்கம் பண்ணினதற்கு ஊரையே வாயை மூடச் சொன்னால் எப்படி? யூடியூபில் பிள்ளைகள் வீடியோவுக்குக் கீழே 2020 ஜனவரியிலிருந்து கமென்ட் போடவே முடியாது. பிள்ளைகள் பக்கம் ஏற்கெனவே பூட்டித்தான் இருக்கிறது. பெரியவர்கள் பேச இப்படி வேறு இடம்தான் தேட வேண்டும். அதையும் கூடாது என்றால்?

நிலாஅம்மா:
இங்கே பேசுங்கள், யார் வேண்டாம் என்றது? இது பெரியவர்கள் இடம். பிள்ளைகள் தேடுகிற பேரில் பெரியவர் சரக்கைக் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்கிறேன்.

மூணாம்பெஞ்ச்:
அக்கா, நான் எந்தக் கணக்கில் வருவேன்? பெரியவங்க கூட்டத்திலும் சேர்த்துக்க மாட்டாங்க, பிள்ளைகள் கூட்டத்திலும் இல்லை. ஸ்கூலில் தெரிந்தால் வருஷம் முழுக்க அந்தக் கார்ட்டூன் பேரைச் சொல்லியே கூப்பிடுவாங்க. இங்க எல்லாரும் தத்துவம் பேசுறீங்க, எனக்கு அந்தப் பட்டப்பேர்தான் பயம்.

கறார்பேர்வழி:
தம்பி சொல்வதுதான் உருப்படியான காரணம். இருபத்தொன்பது வயசுக்காரருக்கு யார் பட்டப்பேர் வைக்கப் போகிறார்கள்? அவர் ஒளிப்பது வெறும் பழக்கம். உனக்கு நிஜமாகவே நஷ்டம் இருக்கிறது. ஸ்கூல் முடியும் வரை ஹெட்போன் போட்டுப் பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரைத்தூக்கம்:
அப்போ எனக்கு?

கறார்பேர்வழி:
நீங்கள் தைரியமாக ஹாலிலேயே பாருங்கள். ஜேசிபி கதை ரசனை இல்லை என்பதில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன்.