நெல் விதை: நம் சான்றட்டை எல்லை தாண்டிச் செல்லுமா?

கேள்வி: இந்தியா, நேபாளம், வங்கதேசம் 2014-லேயே ஒப்பந்தம் போட்டாச்சே. சான்று விதையை (தரம் ஆய்ந்து சான்றட்டை கட்டிய விதையை) அப்படியே அனுப்பலாமா?

பதில் 1: முடியாது. அது ஒரு நாட்டின் ரக மதிப்பீட்டுத் தரவை (ரகத்தைச் சோதித்த முடிவுகளை) மற்ற நாடு ஏற்பதற்கானது. விதைக் குவியலுக்கு அல்ல. பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் பயிர் நலச் சான்றும் தனி.

பதில் 2: இரு நாட்டுத் தர எண்களும் பொருந்த வேண்டும். இந்தியாவில் விலகு தூரம் (மற்ற நெல் வயலிலிருந்து விட வேண்டிய இடைவெளி) 3 மீட்டர். பூப்பு முதல் அறுவடைக்குள் குறைந்தது 2 வயல் ஆய்வு. கலவன் (ரகத்துக்கு ஒவ்வாத செடி) ஆதார விதை, அதாவது சான்று விதைக்கு முந்தைய தலைமுறை, வயலில் 0.05%, சான்று விதை வயலில் 0.20% வரை. முளைப்பு குறைந்தது 80%, ஈரப்பதம் அதிகபட்சம் 13%. பூப்புக்கு முன்பே ஆய்வை முடித்தால் காட்டு நெல் கண்ணில் படாது, அங்கேதான் குவியல் கெடும்.

பதில் 3: அட்டை நிறமும் குழப்பும். ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வகுத்த பன்னாட்டு விதைச் சான்று முறையில் முதல் தலைமுறைச் சான்று விதைக்கு நீலம், இரண்டாவதற்குச் சிவப்பு. நம்மிடம் சான்று விதை என்றாலே நீலம்தான்!